அடுக்குமாடிச் சங்கங்களின் பாரபட்சம்: வீட்டு உரிமையாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு?

மும்பை: பால்கனிக்கு இரும்புக் கிராதி போட்டதற்காக ஒரு வீட்டுக்கு அபராத நோட்டீஸ் வருகிறது. அதே தளத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து அறையாகவே மாற்றியிருப்பது மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. விதி தவறென்று எவரும் வாதிடுவதில்லை. அது சிலருக்கு மட்டுமே பொருந்துகிறது என்பதே மனக்குறை.

எத்தகைய விதியை வகுக்கலாம் என்பதற்கு ஓரளவு எல்லை உண்டு. வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளரிடம் வசூலிக்கும் கூடுதல் தொகை, சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என மகாராஷ்டிர அரசு 2001இல் உத்தரவிட்டது. 2007இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வளர்ப்புப் பிராணிகளை முற்றாகத் தடுக்கும் துணைவிதிகள் செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், செல்லத்தக்க விதியைச் சிலர்மீது மட்டும் பிரயோகித்தால் என்ன செய்வது? இங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமை அரசுக்கு எதிரானது. வீட்டுவசதிச் சங்கத்தை நீதிமன்றங்கள் பொதுவாக 'அரசு' என்று கருதுவதில்லை. பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் சங்க விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, துணைவிதி என்பது உறுப்பினர்கள் தாமே ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் போன்றது என்ற பார்வையே அடிப்படையாக இருந்தது. ஒப்பந்தம் என்றால் அது நிர்வாகக் குழுவினரையும் கட்டுப்படுத்த வேண்டும் அல்லவா? அதை நிலைநாட்டும் சுமை தனி உறுப்பினரின் தலையில் விழுகிறது.

அந்தச் சுமை சிறிதன்று. மகாராஷ்டிரத்தில் பராமரிப்புக் கட்டணப் பாக்கியை நில வரிப் பாக்கி போல வசூலிக்கப் பதிவாளரிடம் சான்றிதழ் பெறும் வழி சங்கத்துக்கு இருக்கிறது. உறுப்பினரோ பதிவாளர், கூட்டுறவு நீதிமன்றம், மாநகராட்சி, உரிமையியல் நீதிமன்றம் என அலைய நேரிடும். எந்தப் புகாரை எங்கே அளிப்பது என்பதற்கே முன்மாதிரி துணைவிதிகளில் தனிப் பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது!

ஊதியமின்றி, அலுவலகம் முடிந்து வந்து சங்கப் பணி பார்ப்பவர்களின் சங்கடமும் உண்மையானதே. அண்டை வீட்டுக்காரரிடம் கண்டிப்புக் காட்டுவது எளிதல்ல. எனினும் நண்பரிடம் காட்ட முடியாத கண்டிப்பை, கூட்டத்தில் கேள்வி கேட்டவரிடம் மட்டும் காட்டுவதற்கு அது நியாயமாகாது.

பாரபட்சத்தை நிரூபிக்க ஆவணங்களே துணை. பிற வீடுகளின் விதிமீறல் குறித்து எழுத்துமூலம் அளித்த புகார், அதற்குக் கிடைத்த பதில், நிர்வாகக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவை முக்கியம். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாக நேரடியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வராது என 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பதிவாளர் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவல்களை அவர் வழியாகக் கோரலாம்.

மகாராஷ்டிர முன்மாதிரி துணைவிதிகளின்படி, அபராதத்துக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பொதுக்குழுவின் ஒப்புதலும் தேவை. அவற்றைப் பின்பற்றும் சங்கத்தில் நிர்வாகக் குழு தானாகவே அபராதம் விதித்திருந்தால், பாரபட்சத்தை நிரூபிக்கும் முன்பே, அந்த நடைமுறைக் குறையைக் காட்டி உறுப்பினர் அதை எதிர்க்கலாம்.