பெட்டிக்கு ஒரு பதிவெண்

தேர்வில் உங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவெண் தருகிறார்களே, ஏன்? வகுப்பின் பெயர் மட்டும் இருந்தால் ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க முடியாது. மருந்துக்கும் இதே கதைதான்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும், பட்டியலிடப்பட்ட 300 வணிகப் பெயர் மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்பது விதி. கைப்பேசியால் படித்தால் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் தெரியும். நல்ல தொடக்கம். ஆனால் விதி கேட்கும் விவரங்களில் பெட்டிக்கான தனி வரிசை எண் இல்லை. போலி மருந்து செய்பவன் ஒரு குறியீட்டைப் படியெடுத்து ஆயிரம் பெட்டிகளில் அச்சிட்டால்? கைப்பேசி அசலின் விவரங்களையே ஒப்பிக்கும்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டுக்குத் தரும் பெரும்பாலான மருந்துகளில் பெட்டிக்கொரு தனி எண் உண்டு. விற்கும்போது கடைக்காரர் அதைக் கணிப்பொறிப் பதிவேட்டில் அடித்துவிடுகிறார். அதே எண் வேறொரு கடையில் மீண்டும் தலைகாட்டினால் எச்சரிக்கை வரும். (இரண்டில் எது போலி என்று கணிப்பொறி சொல்லாது, அது ஆய்வுக்கூடத்தின் வேலை.)

எண் அச்சிடும் கருவி, அதைச் சரிபார்க்கும் காமிரா, பதிவேடு என்று செலவு உண்டு. சிறு தொழிற்சாலைகளுக்குச் சுமைதான். அவகாசம் கொடுக்கலாம், விலக்குக் கூடாது என்பேன்.

வீட்டில் ஒரே தொகுதியைச் சேர்ந்த இரண்டு பெட்டிகள் இருந்தால், அவற்றின் குறியீடுகளைப் படித்து ஒப்பிட்டுப் பாருங்களேன்.