ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் மகானுபாவர்களுக்கு...

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு.

வீட்டுல ரெண்டு பொட்டி இருக்கு, இதுல இருக்கற ஃபோல்டர் அதுல தெரியலைன்னு யாராச்சும் கேட்டா, நம்மாளுங்க கையில மூணு மாத்திரை ரெடி. ஃபயர்வாலை அணை, எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணு, 'எவ்ரிஒன்'னுக்கு முழு உரிமை குடு. எங்க குளத்தூர் வரைக்கும் இந்த வைத்தியம் வந்து சேர்ந்தாச்சு. நோய் என்னன்னு பார்க்கத்தான் ஆள் இல்லை!

அந்த எஸ்எம்பி1 என்ன சரக்குன்னு தெரியுமா சாமிகளா? அதுல இருந்த ஓட்டையை 2017 மார்ச்சுலயே மைக்ரோசாஃப்ட் அடைச்சது. அந்த அப்டேட்டைப் போடாத பொட்டிகளுக்குள்ள மே மாசம் வான்னாக்ரை புகுந்துச்சு. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் முடங்கின, ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பலை. அதே வருஷம் அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 பதிப்புலேர்ந்து, புதுசா நிறுவினா எஸ்எம்பி1 சர்வர் தானா வர்றதே இல்லை. அவன் தூக்கிப் போட்டதை நாம ஏன்யா பொறுக்கிட்டு வரணும்?

"வீட்டுக்குள்ளதானே?"ன்னு கேப்பீங்க. வீட்டுக்கு வர்ற ஒறம்பரை எல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கேக்கறாங்க, குடுக்கறோம். அதே லேப்டாப் நாளைக்குத் திருச்சியில ஏதோ ஒரு கடை வைஃபையில உக்காந்திருக்கும், அணைச்ச ஃபயர்வாலோட. உள்ளே இருக்கறது நிலப் பத்திரமும் ஆதார் ஸ்கேனும்.

பெரும்பாலும் கோளாறு சின்னதுதான். ரெண்டு பொட்டியிலயும் நெட்வொர்க் 'பப்ளிக்'ல இருக்கான்னு பாருங்க, இருந்தா 'பிரைவேட்' ஆக்குங்க. ஷேரிங்கை ஆன் பண்ணுங்க. ஃபோல்டர் இருக்கற பொட்டியில பாஸ்வேர்டோட ஒரு பயனர் கணக்கு வேணும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியா உள்ளே விடாது, லாகின் பண்ற பின் நம்பரும் இங்கே செல்லாது. பேரு தெரியலையா? \\192.168.1.5 மாதிரி ஐபி முகவரியை நேரா அடிங்க. ஹோம்குரூப்பைத் தேடாதீங்க, 2018-லயே எடுத்துட்டாங்க.

பத்து நிமிஷ வேலை. சாவி சேரலைன்னா வேற சாவி தேடணுமய்யா, கதவையே கழட்டி வைக்கறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை.

டிஸ்கி: "நான் பத்து வருஷமா அணைச்சுத்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை"ங்கறவங்களுக்கு: ஹெல்மெட் போடாதவரும் இதையேதான் சொல்றாரு.