கணக்கை முடிப்பதும் அழிப்பதும்

கணினித் துறை கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கே உரியது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. கலைப்பிரிவில் தமிழும் ஆங்கிலமும் படிக்கும் மகளிடம் "இதைப் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. செயற்கை நுண்ணறிவோடு வந்திருக்கும் வேலைகளில் ஒன்று முழுக்க முழுக்க மொழி வேலை என்பதே என் கருத்து.

செயற்கை நுண்ணறிவு முகவர், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல் ஒரு மென்பொருளுக்குள் போய் வேலையையும் செய்துவிடும். டுடுயிஸ்ட், ஆசானா போன்ற பணிப்பட்டியல் மென்பொருள்களில் வேலையைச் சேர்க்க, திகதியை மாற்ற, முடிக்க, அழிக்க என்று தனித்தனிக் கருவிகள் உண்டு. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பின்னர், இக்கருவிகளை முகவர்களுக்குத் திறந்துவிடுவது பரவலாகியிருக்கிறது. கருவியின் உள்ளே இருக்கும் நிரலை முகவர் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற சில வரி விளக்கம், அதற்குக் கொடுக்க வேண்டிய விபரங்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தச் சில வரி எப்படி எழுதப்பட்டதோ அப்படித்தான் வேலை நடக்கும்.

டுடுயிஸ்டில் ஒரு வேலையை 'குளோஸ்' செய்தால் அது முடிந்ததாகப் பதிவாகும். 'டிலீட்' செய்தால் வேலையே இல்லாமற் போகும். மாதாமாதம் திரும்ப வரும் வேலையை 'குளோஸ்' செய்தாலோ, அடுத்த மாதத் திகதிக்கு நகர்ந்து நிற்கும். வெறும் சொல்லைப் பார்த்து இதை யார் ஊகிப்பார்?

பதுளையில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வருபவர்களுக்குக் கடன் கொப்பி இருக்கிறது. சம்பளம் போட்டதும் வாப்பா "அவருடைய கணக்கை முடித்துவிடு" என்றால், இந்த மாதக் காசு வந்துவிட்டது, கோடு போட்டு அதற்குக் கீழே அடுத்த மாதக் கணக்கைத் தொடங்கு என்று பொருள். பக்கத்தைக் கிழித்துப் போடு என்று பொருளல்ல. கடையில் பத்து வருடம் நிற்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நேற்று வேலைக்கு வந்த பையனுக்குச் சொல்லத்தான் வேண்டும். முகவர் எப்போதும் நேற்று வந்த பையன்தான். அதுவும், கேட்கக் கூச்சப்பட்டுத் தானாகவே ஒன்றை நினைத்துக்கொள்ளும் பையன்.

ஆகவே "வேலையை முடிக்கும் கருவி" என்று எழுதிவைப்பது விளக்கமே இல்லை, பெயரைத் திரும்பச் சொல்வது. நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "செய்து முடித்த வேலையை முடிந்ததாகக் குறிக்க இதைப் பயன்படுத்து. திரும்ப வரும் வேலை அடுத்த திகதிக்கு மாறும். பயனர் 'அது வேண்டாம், எடுத்துவிடு' என்றால் இதைப் பயன்படுத்தாதே; ஒருமுறை கேட்டு உறுதிசெய்த பின் அழிக்கும் கருவியைப் பயன்படுத்து." எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரிதான் முக்கியம். இலகுவில் விடுபட்டுப் போவதும் அதுதான்.

தெளிவான அறிவுறுத்தல் எப்படி இருக்கும் என்பதற்கு ஊவாவில் இருப்பவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பதாகப் பல வருடங்களுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஓரிடம் ஆபத்தானது என்று மட்டும் சொன்னால், எந்த மழைக்கு எழுந்து ஓடுவது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று சொல்லும் முறையைப் பாருங்கள்: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். அளவு எது, செயல் எது என்று யாருக்கும் விளங்கும். (அது உரிய நேரத்தில் தமிழில் லயனுக்கு வந்து சேர்கிறதா என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) பணிப்பட்டியல் கருவி உயிரைக் காக்கப் போவதில்லை. ஆனால் எழுதும் முறை ஒன்றேதான்.

இனி, நம் மொழி தெரிந்தவர் ஏன் வேண்டும்? என் உம்மும்மா "வெள்ளி ராவு" என்றால் அது வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் வரும் இரவு. "வெள்ளி இரவு மாமி வீட்டு ஓதலுக்குப் போவதைப் பட்டியலில் போடு" என்று அவர் சொல்ல, முகவர் அதை வெள்ளிக்கிழமை இரவில் போட்டால், நாங்கள் போய்ச் சேரும்போது ஓதல் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். திகதி கேட்கும் இடத்தில், "ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடு; 'வெள்ளி இரவு' என்று வந்தால் வியாழன் பின்னேரத்துக்குப் பிறகா என்று பயனரிடம் கேள்" என்று ஒரு வரி போதும். கலிபோர்னியாவில் இருக்கும் பொறியியலாளருக்கு அந்த வரி எப்படித் தோன்றும்?

மென்பொருள் படிக்கும் என் நாநா இதை ஒத்துக்கொள்வதில்லை. "இப்போது வருபவை கெட்டித்தனமாக ஊகித்துக்கொள்ளும், நீ மினக்கெடாதே" என்கிறார். ஊகிக்கும் என்பது சரி. பிழையாக ஊகிக்கும் நாளில் காணாமற் போவது யாருடைய பக்கம் என்பதுதான் என் கேள்வி. எல்லாவற்றையும் எழுதப் போனால் விளக்கம் நீண்டு முகவரே குழம்பிவிடும் என்றும் சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை வைத்து எதை விடுவது என்பது, தமிழ்ப் பாடத்தில் சுருக்கம் எழுதிப் பழகியவருக்குப் புதிய வேலையல்ல.

அடுத்த தவணையில் நம் கல்லூரியின் கணினிக் கழகம் தமிழ் மன்றத்துப் பிள்ளைகளையும் ஒருநாள் அழைக்கலாம். விளையாட்டுப் போட்டிக்கான வேலைப் பட்டியலை எடுத்து ஐந்து கருவிகளுக்கு மட்டும் விளக்கம் எழுதுவோம். முகவரிடம் கொடுக்கும் முன் தரம் ஆறில் படிக்கும் ஒரு தங்கையிடம் கொடுத்து, அவள் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாள் என்று பார்ப்போம்.