மூளியான கேக் தட்டுக்குப் பாதிப் பணமா? தலையாட்டாதீங்க, திருப்பி அனுப்புங்க!

டிசம்பர் நெருங்கினால் பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை பக்கம் பல வீடுகளில் பிளம் கேக்குக்கு முந்திரியும் திராட்சையும் ஊற ஆரம்பித்துவிடும். 2020-ல் ஊரடங்கு வந்தபோது மற்ற பேட்டைகளிலும் ஓவன் நுழைந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய பல பெண்களுக்கு இன்று அதுவே பிழைப்பு!

கேக் டின் வாங்க ஈவ்னிங் பஜாருக்கு நடக்க வேண்டியதில்லை. செல்போனில் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. வருவதில் தகராறு இல்லை. வந்து சேரும் கோலத்தில்தான் தகராறு!

பிரித்துப் பார்த்தால் டின் கோணல்மாணல். கண்ணாடித் தட்டின் விளிம்பு மூளி. போன் போட்டுக் கேட்டால் தேன் ஒழுகப் பதில் வருகிறது. "மேடம், பாதிப் பணத்தைத் திருப்பித் தர்றோம். பொருளை நீங்களே வச்சுக்கோங்க!"

பொருளும் கையில், பாதிக் காசும் கையில், லாபம்தானே என்று பலர் சம்மதித்து விடுகிறார்கள். லாபம் கம்பெனிக்குத்தான். திருப்பி எடுக்கும் வண்டிச் செலவு மிச்சம், குப்பையில் போட வேண்டிய சரக்கும் விலை போச்சு!

எதை வைத்துக் கொள்ளலாம்?

சாதாரண அலுமினிய டின்னில் சின்ன ஒடுக்கு என்றால் பாதகமில்லை. மரக்கட்டையை உள்ளே கொடுத்து மெல்லத் தட்டினால் நிமிர்ந்துவிடும். "ஈயம் பூசறது, ஒடுக்கு எடுக்கறது" என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவர்கள் அந்தக் காலத்தில் பித்தளைக் குடத்துக்கே செய்த வேலைதான். அதற்குப் பாதிப் பணம் வந்தால் வாங்கிக் கொள்வதில் தப்பில்லை.

பக்கவாட்டில் கொக்கி போட்டு, அடித்தட்டு தனியாகக் கழன்று வரும் டின் இருக்கிறதே, அது வேறு கதை. வட்டம் லேசாக நெளிந்தாலும் அடித்தட்டு சரியாக உட்காராது. ஊற்றின மாவு ஓவனுக்குள் ஒழுகும். மஃபின் தட்டு முறுக்கிக் கொண்டு வந்தால் மாவு ஒரு பக்கம் சாயும், ஒன்று வெந்திருக்கும், பக்கத்திலிருப்பது கருகியிருக்கும். நான்-ஸ்டிக் பூச்சில் கீறல் என்றால் அந்த இடத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். இனாமல் தட்டில் சில்லு பெயர்ந்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் பூச்சே கண்ணாடிதான். அடுத்த சில்லு கேக்கோடு வாய்க்குள் போகலாம்!

எல்லாவற்றிலும் ஆபத்து, மூளியான கண்ணாடித் தட்டு. "ஓரத்துல துளியூண்டுதானே போயிருக்கு" என்று சொல்வார்கள். சூட்டில் கண்ணாடி விரியும்போது அந்த மூளியில்தான் விரிசல் பிறக்கும். 180 டிகிரியில் வெந்து வந்த தட்டை ஈரமான மேடையில் வைத்தால் வெடித்துச் சிதறலாம். பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆவது? இப்படிப்பட்ட தட்டுக்குப் பாதிப் பணம் தருவது சலுகையே அல்ல. ஆபத்தைத் தள்ளுபடி விலையில் விற்பது!

கொண்டு வந்து கொடுக்கும் பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் மூட்டையில் ஒன்றாக அதைச் சுமந்து வருகிறான், அவ்வளவுதான். கண்ணாடித் தட்டை ஒரே சுற்று குமிழித் தாளில் சுற்றி, மெல்லிய டின்னைப் பெட்டியே இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் திணித்து அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. புகார் போனால் 48 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். "பார்சலைப் பிரிச்ச வீடியோ இருந்தாத்தான் கேட்போம்" என்று சிலர் மிரட்டுகிறார்கள். விதியில் வீடியோ என்ற பேச்சே இல்லை! ஆனாலும் எடுத்து வைப்பது நல்லது, வாய்ச்சண்டை மிச்சம். வந்த அன்றே படம் எடுத்துப் புகார் எழுத வேண்டும். 'ஒரு தடவை செஞ்சு பார்ப்போம்' என்று மாவை ஊற்றினால், "நீங்கதான் கெடுத்தீங்க" என்பார்கள்.

கேக் விற்றுப் பிழைப்பவர்களிடம் இன்னொரு சால்ஜாப்பு வரும். "நீங்க வியாபாரி, நுகர்வோர் இல்லை!" இது செல்லாது. சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டும் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கம்பெனி டில்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

அறுநூறு ரூபாய்த் தட்டுக்குக் கோர்ட்டுப் படி ஏறுவதா என்று தயங்குகிறவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சுழற்றலாம். தமிழிலேயே பேசலாம். பில் நம்பரும் படமும் கையில் இருக்கட்டும்.