தாய்மொழி: "மற்றவை"

இணையப் படிவங்களில் தாய்மொழி கேட்பார்கள்: தமிழ், தெலுங்கு, உருது... நம் நாகல் நகரில் பல வீடுகளில் பேசும் சௌராஷ்டிரம் பெரும்பாலும் அங்கே இராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்!

ஜாவாஸ்கிரிப்டில் இப்படிப் பிரிக்க 'ஸ்விட்ச்' உண்டு. தபாலாபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் அறைகள் மாதிரி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு 'கேஸ்', முடிவில் 'பிரேக்'. பிரேக்கை விட்டுவிட்டால் தெலுங்குக்காரருக்கு உருது வேலையும் சேர்ந்து நடக்கும். எதிலும் சேராதவர் கடைசியில் உள்ள 'டிஃபால்ட்'டுக்குப் போவார். அடுக்கடுக்கான 'இஃப்-எல்ஸ்'ஸைவிட இது படிக்கச் சுலபம், எனக்கும் பிடிக்கும். ஆனால் டிஃபால்ட்டில் சத்தமில்லாமல் "தமிழ்" என்று போட்டுவிடுவதை ஒப்பமாட்டேன். "எந்த மொழி?" என்று கேட்டு, எழுத ஒரு கட்டம் விடட்டும்.