விசில் ஊதினால் நின்று பார்ப்போம்!



தென்காசிப் பக்கம் படித்துக்கொண்டு குற்றாலம் பேரருவியில் குளிக்காதவர் நம்மில் யார்? சீசன் நேரத்தில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். உடனே குளிக்கத் தடை! "ஆசையா எண்ணெய் தேய்ச்சுட்டு வந்தோம், இப்படிப் பண்றாங்களே" என்று கூட்டம் முணுமுணுக்கும். ஆனால் 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த விசிலின் அருமை தெரியும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு காவல்காரர் உண்டு. அதுதான் சர்வர் கண்காணிப்பு சாஃப்ட்வேர். டிஸ்க் நிறைந்துவிட்டதா, மெமரி போதுமா, நெட்வொர்க் உயிரோடு இருக்கிறதா என்று ராத்திரி பகலாகப் பார்த்து, எல்லை தாண்டினால் தகவல் கொடுக்கும். எந்த சர்வரைப் பார்க்க வேண்டும், எது எல்லை, யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது. அது இல்லாவிட்டால், ஆர்ச் எது என்றே தெரியாத போலீஸ்காரர் கதைதான்!

இது ஏதோ அமெரிக்கா சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். நம்ம மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஜோகோ நிறுவனத்தின் ஆப்மேனேஜர் இந்த ரகம்தான். காசில்லாமல் கிடைக்கும் ஜாபிக்ஸ், நாகியாஸ் போன்றவையும் உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். ஓரிடத்தில் தயாரித்த கான்ஃபிகரேஷன் ஃபைலை இன்னோரிடத்தில் இம்போர்ட் செய்யும்போது, பல நேரம் ஸ்கிரீனில் எரர் வந்து நிற்கும். நம்மில் பலர் அப்போது என்ன செய்கிறோம்? படிக்காமலே பெட்டியை மூடிவிட்டு மறுபடி அழுத்துகிறோம். அப்புறம் "சாஃப்ட்வேரே சரியில்லடா" என்று சொல்லி, அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுகிறோம். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த எரரும் ஒரு விசில்தான்.

ஜாபிக்ஸையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி வரும் காரணங்கள் மூன்று.

முதலாவது, பதிப்பு. புதிய ஜாபிக்ஸ் பழைய பதிப்பின் ஃபைலை ஏற்கும்; பழையது புதியதை ஏற்காது. சில புத்திசாலிகள் ஃபைலைத் திறந்து பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி முயல்வார்கள். பஸ்ஸின் போர்டை மாற்றினால் ரூட் மாறிவிடுமா? நம் சர்வரின் பதிப்புக்கு என்று வெளியிட்ட டெம்ப்ளேட்டை எடுக்க வேண்டும்; இல்லையென்றால் சர்வரைப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபைலின் எழுத்து. 2020-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து ஜாபிக்ஸ் யாமல் என்ற வடிவத்தில் ஃபைல் தருகிறது. யாமலில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. அங்கே டேப் கீயைத் தட்டினால் ஏற்காது; ஸ்பேஸ்தான் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்!

மூன்றாவது, துணை. ஒரு சர்வரின் விவரம் ஏதோ ஒரு டெம்ப்ளேட்டை நம்பியிருக்கும். அந்த டெம்ப்ளேட் இங்கே இல்லையென்றால், இல்லை என்று பெயரோடு சொல்லிவிடும். முதலில் அதை ஏற்றிவிட்டு, பிறகு இதை ஏற்ற வேண்டியதுதான்.

ஆக, மெசேஜை முழுசாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: இம்போர்ட் பக்கத்தில், 'ஃபைலில் இல்லாததை அழி' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமல் டிக் அடித்தால், நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்தவை போயே போச்சு! அதற்கு முன் இருப்பதை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

உண்மையில், மறுக்கப்படும் ஃபைலால் ஆபத்து இல்லை. ஏற்றுக்கொள்ளப்படும் தப்பான ஃபைல்தான் ஆபத்து. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. ஃபைல் 21-வது விவரத்தைக் கேட்டது. புரோகிராம் கொடுத்ததோ 20 தான். முன்கூட்டியே சோதிக்க வேண்டிய புரோகிராமும் அதைக் கோட்டை விட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு விசில் ஊதியிருந்தால் இத்தனை பேருக்கு ஏன் அவதி?

இப்போது நம் லேபுக்கு வருகிறேன். எலக்ட்ரிக்கல் லேபில், சார் வந்து கனெக்ஷனைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடுகிறோம். கம்ப்யூட்டர் லேபில் மட்டும் ஏன் அந்த ஒழுங்கு இல்லை? சரியாக ஓடுவதை அப்படியே டைப் அடித்து, அவுட்புட்டை ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கினால் முடிந்தது. கெட்டுப்போனதைச் சரிசெய்ய எங்கே கற்றோம்?

ஆகவே என் யோசனை இது. லேபில் ஒதுக்கி வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஜாபிக்ஸோ நாகியாஸோ ஏற்றுவோம். வேண்டுமென்றே உடைத்த ஃபைலை ஒருவர் கொடுக்க, மற்றவர் காரணம் கண்டுபிடித்து எழுதட்டும். நாகியாஸில் '-வி' என்று கொடுத்தால், ஓடுவதற்கு முன்பே ஃபைலைச் சோதித்துச் சொல்லிவிடும். அந்தப் பழக்கமும் வரட்டும். "சிலபஸில் இல்லையே, பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் பெயில்தான்" என்பீர்கள். பரீட்சையில் வேண்டாம், வாரம் ஒரு மணி நேரம் பயிற்சியாக இருந்தால் போதும். நாளை இன்டர்வியூவில், "எரர் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டால், "முதலில் படிப்பேன் சார்" என்று தைரியமாகச் சொல்லலாம் அல்லவா?

நமது மாணவர் சங்கம் இதைத் துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். விசில் ஊதுபவரைத் திட்டுவதை விட்டுவிட்டு, ஏன் ஊதினார் என்று பார்க்கப் பழகுவோம், தோழர்களே!