விளையாட்டு ஒளிபரப்பும் வீட்டுக் கணக்கும்



பனமரத்துப்பட்டிப் பகுதியிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். கல்லூரியில் முதலாம் ஆண்டு பயிலும் அவருடைய மகனுக்கு, வளைகுடா நாட்டில் பணிபுரியும் தாய்மாமன் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். தான் ஆடும் ஆட்டத்தை நேரலையாக உலகுக்குக் காட்ட வேண்டும் என்பது மகனின் ஆவல். அதற்குக் கேப்சர் கார்டு என்னும் கருவி தேவை என்கிறான். வீட்டில் இருப்பதோ அவனுடைய அக்காள் பள்ளியில் படித்த காலத்தில் அரசு வழங்கிய மடிக்கணினி. அது லினக்ஸில் இயங்குகிறது. கடையில் விசாரித்தால் சில நூறு ரூபாய்க்கும் ஒரு கருவி உண்டு. இருபதாயிரத்துக்கு மேலும் ஒன்று உண்டு. பூ விற்றுச் சேர்த்த பணத்தில் எதை வாங்குவது, வாங்கினால் லினக்ஸில் ஓடுமா என்று அத்தாய் வினவுகிறார்.

ஆன்மிக ஏட்டில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். சமூகத் தொடர்புக் கருவிகளை இறைவனின் கொடைகளாகக் கண்டு, அவற்றை முறையாகப் பயன்படுத்தக் கற்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட ஆணையிலேயே நம்மைப் பணித்துள்ளது. மேலும், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் உவமை கூறவில்லையா? இவ்வீட்டுச் செலவையும் நாம் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதற்கேள்வி, கருவி தேவையா என்பதே. கேப்சர் கார்டின் பணி ஒன்றுதான்: வேறொரு பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே வரும் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவருவது. ஆட்டம் அதே கணினியில் நடைபெறுமாயின் இக்கருவிக்கு வேலையே இல்லை. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருள் லினக்ஸிலும் இயங்கி, திரையில் தோன்றுவதை அப்படியே எடுத்து அனுப்பிவிடும். இனி, பிளேஸ்டேஷன் 4, 5 ஆகிய பெட்டிகளோ கணினியின் துணையின்றித் தாமே யூடியூபுக்கும் ட்விட்சுக்கும் நேரலை அனுப்பவல்லவை. கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்கான பட்டியல் திரையில் விரியும்.

ஆகவே அத்தாய்க்கு நாம் தரும் முதல் விடை இது: இப்போது எதையும் வாங்க வேண்டாம். பெட்டியிலுள்ள வசதியைக் கொண்டே மகன் மூன்று மாதம் நேரலை நடத்தட்டும். ஆர்வம் நிலைத்து, தன் முகமும் எழுத்தும் பல காட்சிகளும் கலந்த நிகழ்ச்சியைத் தொகுக்க வேண்டிய நிலை உண்மையிலேயே வரும்போது கருவியைப் பற்றிப் பேசலாம். மூன்று மாதத்தில் ஆர்வம் அவிந்துபோனால், பூ விற்ற பணம் கட்டணத்துக்கோ வேறு நற்காரியத்துக்கோ எஞ்சியிருக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற, தாமே நேரலை அனுப்பாத பெட்டி உள்ள வீடுகளுக்கும், கேமராவைக் கணினியோடு இணைக்க விரும்பும் பங்குகளுக்கும் கருவி தேவைப்படும். அவர்களுக்காகவும் மேலே தொடர்வோம்.

இரண்டாவது கேள்வி, கருவி எம்மொழி பேசுகிறது என்பது. பாபேல் கோபுரம் கட்டியோர் ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காமல் வேலையைக் கைவிட்டனர். கணினி உலகிலும் நிறுவனத்துக்கு ஒரு மொழியாகக் கருவிகள் பேசிய காலம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்னும் மொழிபெயர்ப்பு நிரல் தேவை. அதைப் பல நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதித் தந்தன. லினக்ஸ் வைத்திருப்போர் கருவியை வாங்கிய பின்னர்க் கைபிசைந்து நின்றதற்கு இதுவே காரணம். இக்குறையைப் போக்க யு.எஸ்.பி. தரத்தை வகுப்போர் யு.வி.சி. என்னும் பொதுமொழி ஒன்றை அமைத்தனர். அம்மொழியை அறிந்த நிரல் 2008-ஆம் ஆண்டு முதல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. யு.வி.சி. மொழி பேசும் கருவியைச் செருகினால், தனி நிரல் எதுவும் நிறுவாமலே கணினி அதை ஒரு கேமராவாக ஏற்றுக்கொள்ளும்.

எனவே கடையில் கேட்க வேண்டியது, "இது யு.வி.சி. கருவியா? டிரைவர் நிறுவாமல் லினக்ஸில் ஓடுமா?" என்பதே. நிறுவனத்தின் புகழை மட்டும் நம்புதல் போதாது. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்கூட மாதிரிக்கு மாதிரி வேறுபாடு உண்டு. எல்காட்டோ நிறுவனத்தின் எச்.டி. 60 எஸ் என்ற பழைய மாதிரி யு.வி.சி. மொழி பேசாதது, அதன்பின் வந்த எச்.டி. 60 எக்ஸ் அம்மொழியைப் பேசுவது. பெயரில் ஓரெழுத்து மாறினால் பயன் மாறிவிடுகிறது. பெட்டியின்மேல் உள்ள மாதிரிப் பெயரை எழுத்தெண்ணிப் படிப்பது நலம்.

மூன்றாவது கேள்வி, குழாயின் அகலம். பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் தந்ததை முதியோர் அறிவர். ஏரி எவ்வளவு பெரிதாயினும், நகருக்கு வந்து சேர்வது குழாய் கொள்ளும் அளவு நீர்தானே! படத்துக்கும் இதே நியதி. முழு எச்.டி. எனப்படும் படத்தில் 1920-க்கு 1080 வீதம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்து, நொடிக்கு 60 படங்கள் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 199 கோடி பிட் ஆகிறது. பழைய யு.எஸ்.பி. 2.0 குழாயின் உச்ச அளவு நொடிக்கு 48 கோடி பிட், யு.எஸ்.பி. 3.0 குழாயின் அளவு 500 கோடி பிட். முன்னதில் இப்படம் அடங்காது. பின்னதில் தாராளமாய் அடங்கும்.

அப்படியாயின் சில நூறு ரூபாய்க் கருவி எவ்வாறு முழு எச்.டி. தருகிறது? அவற்றுள் பலவற்றில் எம்.எஸ். 2109 என்ற சில்லு உள்ளது. அது யு.எஸ்.பி. 2.0 சில்லு, ஒவ்வொரு படத்தையும் சுருக்கி நொடிக்கு 30 வீதம் அனுப்புகிறது. சுருக்குவதால் நுண்ணிய எழுத்துகளும் வண்ண ஓரங்களும் சற்று மங்கும். பாடம் நடத்தவும் மெதுவான ஆட்டங்களைக் காட்டவும் இது போதும். பந்தயக் கார் விரையும் ஆட்டத்துக்குப் போதாது. இதன் பின்வந்த எம்.எஸ். 2130 சில்லு யு.எஸ்.பி. 3.0 வகையைச் சார்ந்தது. நொடிக்கு 60 படங்களை ஏற்றுத் தரும். முனை நீல நிறமாயிருப்பதைக் கண்டு 3.0 என்று முடிவு செய்தல் ஆகாது, 2.0 கருவிக்கு நீல முனை பொருத்தி விற்பதும் நடைபெறுகிறது. பெட்டியின்மேல் '4கே' எனப் பொறித்திருப்பதும் பெரும்பாலும் கருவி உள்வாங்கும் படத்தின் அளவையோ, தொலைக்காட்சிக்குக் கடத்தும் அளவையோ குறிக்கும். கணினிக்குத் தருவது எவ்வளவு என்று தனியே கேட்டறிய வேண்டும்.

இதைச் சோதிக்க லினக்ஸில் எளிய வழி உண்டு. கருவியைச் செருகி, எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் கட்டளையுடன் ஓர் இடைவெளியும் சிறுகோடும் 'டி' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், செருகிய பொருள்கள் கிளை கிளையாகத் தோன்றும். நம் கருவியின் வரியில் யு.வி.சி. வீடியோ என்ற பெயர் இருந்தால் பொதுமொழி பேசுகிறது என்று பொருள். அவ்வரியின் இறுதியில் 480 என்றிருந்தால் சிறு குழாய். 5000 என்றிருந்தால் பெரிய குழாய். 3.0 கருவியே ஆனாலும் மடிக்கணினியில் 2.0 துளை மட்டும் இருப்பின் 480 என்றே காட்டும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வழங்கிய தொடக்க கால மடிக்கணினிகளைப் போன்ற பழைய கணினிகளை வைத்திருப்போர், கருவியின் விலையைக் கேட்குமுன் தம் கணினியின் துளையைப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இவற்றோடு மூன்று சிறு குறிப்புகளையும் மனத்திற் கொள்க. கணினியில் தெரியும் படம் சற்றுத் தாமதித்தே வரும். அதைப் பார்த்து விளையாட இயலாது. ஆகையால் தொலைக்காட்சிக்கும் படத்தைக் கடத்தும் இரண்டாவது எச்.டி.எம்.ஐ. துளை கருவியில் இருத்தல் வேண்டும். அடுத்து, ஒலியையும் சோதியுங்கள். எம்.எஸ். 2109 கருவிகளுள் பல, இருபுற ஒலியை ஒருபுற ஒலி என்று கணினிக்குத் தவறாக அறிவிப்பதால் லினக்ஸில் ஒலி அமைப்பைத் திருத்த நேரிடும். மூன்றாவதாக, திரைப்படங்களைப் படியெடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. பூட்டு பிளேஸ்டேஷனில் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அமைப்புப் பட்டியலில் அதை நீக்கினாலன்றிக் கணினித் திரை வெறுமையாகவே இருக்கும். கருவி பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

கருவியின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. நொடிக்கு 6 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் நேரலை அனுப்பினால் 2.7 கிகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிகாபைட் தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருக்கும் வீட்டில், ஒரு மணி நேர ஆட்டம் அன்றைய பங்கு முழுவதையும் விழுங்கி, தங்கையின் பாடத்துக்கும் இல்லாமற் செய்துவிடும். பழைய கணினிக்குப் படத்தைச் சுருக்கும் வேலையும் பெருஞ்சுமையாகும். 1280-க்கு 720 அளவில், நொடிக்கு 30 படங்களோடு நிறைவு கொள்வது கணினிக்கும் வீட்டுக்கும் ஏற்றது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 2025 ஜூலை 22 முதல், 16 வயது நிறையாதோர் பெரியவர் உடனிராமல் யூடியூபில் நேரலை நடத்த அனுமதி இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. நேரலையில் புகழ் பெறத் தொடங்கும் இளைஞரிடம், இத்தகைய ஆட்டத்தைக் காட்டினால் பணம் தருவோம் என்று எவரேனும் வருவரேயானால், அவரை வாசலோடு திருப்பி அனுப்புவதே முறை. வீட்டு முகவரி, கல்லூரி அடையாளம், உடன்பிறந்தாரின் முகம் ஆகியன திரையில் விழாமற் காப்பதும் பெற்றோர் கடமை.

இனி, வாங்கத்தான் வேண்டுமென்றால் அக்கருவி வீட்டில் பலருக்கும் பயன்படட்டும். யு.வி.சி. கருவிக்கு விளையாட்டுப் பெட்டி வேறு, கேமரா வேறு என்ற பேதம் இல்லை. எழுத்துகளும் குறிகளும் இன்றித் தூய படத்தை எச்.டி.எம்.ஐ. வழியே தரும் கேமரா பங்கில் இருக்குமானால், அதே கருவியும் அதே லினக்ஸ் கணினியும் ஞாயிறு திருப்பலியைப் படுக்கையிலுள்ள நோயாளிகளின் இல்லங்களுக்குக் கொண்டு செல்லும். 2020-ஆம் ஆண்டின் முடக்க நாள்களில் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தபோது இத்தகைய நேரலைகள் தந்த ஆறுதலை நாம் மறந்துவிடவில்லை. நேரலைத் திறன் பெற்ற இளைஞன் தன் பங்குத்தந்தையை அணுகி, மாதம் ஒரு ஞாயிறாவது இப்பணியை ஏற்கலாமே! கோவிலுக்கு வர இயலாத பாட்டிமார் அவனுக்காகச் சொல்லும் ஒரு செபமாலை, ஆயிரம் பார்வையாளரினும் மேலானது.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதர் நிலைக்கு உயர்த்திய கார்லோ அக்குதிஸ், பதினைந்து வயதிலேயே 2006-இல் இறைவனடி சேர்ந்தவர். அவரும் பிளேஸ்டேஷனில் விளையாடியவரே. கணினி நிரல் எழுதக் கற்று நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து வலைத்தளம் அமைத்தவரே. விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டார் என அவருடைய வரலாறு கூறுகிறது. பெற்றோர் பூட்டும் பூட்டைவிடப் பிள்ளை தானே இடும் வரம்பு உறுதியானது.

பெற்றோரே, பிள்ளையின் ஆவலை எள்ளி நகையாடாதீர்கள். கேட்டவுடன் பணத்தை எடுத்தும் கொடாதீர்கள். அவனை அருகில் அமர்த்தி, "தேவையா? நம் கணினியில் ஓடுமா? துளை எவ்வகை? இணையச் செலவு எவ்வளவு? எவ்வளவு நேரம்?" என்னும் ஐந்து வினாக்களுக்கும் தாளில் விடை எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தரும் கெடு உள்ள கடையில் மட்டும் வாங்கி, கெடு முடியுமுன் படம், ஒலி இரண்டையும் சோதியுங்கள். கணக்கிட்டு வாழும் விவேகத்தைத் தூய ஆவியார் நம் இல்லங்களுக்கு நிறைவாய் அருள்வாராக!